வடசென்னைக் கடற்காற்றில் இரும்பைக் காக்க: தானே ஆறும் மேற்பூச்சுகளைத் தேர்ந்தெடுத்துப் பூசும் முறை

ராயபுரம், காசிமேடு தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை கடலை ஒட்டியுள்ள தெருக்களில், ஜன்னல் கிரில், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, பட்டறைக் கூரை என எந்த இரும்பு வேலையை எடுத்துக்கொண்டாலும், பெயிண்ட் அடித்து இரண்டு மழைக்காலம் கடப்பதற்குள் துரு எட்டிப்பார்த்துவிடுகிறது. மறுபடி சுரண்டி, மறுபடி ரெட் ஆக்சைடு அடித்து, மறுபடி எனாமல் பூசுவது இங்கு ஆண்டுதோறும் நடக்கும் செலவாகிவிட்டது. இந்த நிலையில், கீறல் விழுந்தாலும் தானே ஆறிவிடும் மேற்பூச்சு என்ற பெயரில் பலவகைப் பொருள்கள் பேசப்படுகின்றன, சில விற்பனைக்கும் வந்துள்ளன. அவற்றின் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. ஆனால் அவை ஆற்றுவது தலைமுடி அளவுக் கீறலைத்தான். அதுவும் உப்பும் துருவும் நீங்கிய இரும்பின்மேல் பூசப்பட்டிருந்தால்தான். ஆகவே டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

கடற்கரை இரும்பு ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது

இரும்பின் ஒரு புள்ளியில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து கரைகின்றன. அந்த எலக்ட்ரான்களைச் சற்றுத் தள்ளியுள்ள மற்றொரு புள்ளியில் ஆக்சிஜனும் நீரும் ஏற்றுக்கொண்டு ஹைட்ராக்சைடாக மாறுகின்றன. இவ்விரு புள்ளிகளையும் இணைக்கக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று இருந்தால் போதும், துருப்பிடித்தல் தொடங்கிவிடும். அந்த நீரில் உப்பு கலந்திருந்தால் மின்சாரம் எளிதாகக் கடப்பதோடு, இரும்பின்மேல் இயல்பாக உருவாகும் காப்புப் படலத்தையும் குளோரைடு அயனிகள் சிதைத்துவிடுகின்றன.

மழை பெய்தால்தான் இரும்பு நனையும் என்ற கணக்கு கடலோரத்துக்குப் பொருந்தாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கோ ஏறத்தாழ 33 விழுக்காடே போதும். சென்னைக் காற்று அந்த அளவுக்கு வறண்டுபோவது அரிது என்பதால், உப்புப் படிந்த இரும்பு இங்கு கோடையிலும் ஈரமாகவே இருக்கிறது. மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் எரிபொருள் எரிவதால் வெளியேறும் கந்தக டை ஆக்சைடும், அனல்மின் நிலையச் சாம்பலும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. சாம்பல் தூசு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது.

மொட்டை மாடியில் நிற்கும் தொட்டி ஸ்டாண்டின் ஆங்கிளைக் குனிந்து கீழிருந்து பாருங்கள். மேற்பக்கத்தில் விழும் உப்பை மழை கழுவிவிடுகிறது. கீழ்ப்பக்கத்தில் படிந்த உப்பைக் கழுவ யாரும் இல்லை. அதனால் மேலே நிறம் மங்கிய பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, கீழே துரு அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருக்கும். போல்ட்டுத் தலையைச் சுற்றிக் கொப்புளித்திருக்கும் இடத்தை நகத்தால் அழுத்தினால் பெயிண்ட் உடைந்து, உள்ளே கருமையான, ஈரமான ஒரு படிவு தெரியும். பெயிண்ட் படலத்துக்குக் கீழே சிக்கிய உப்பு, படலத்தின் வழியாகவே நீரை உள்ளே இழுத்து அந்தக் கொப்புளத்தை உண்டாக்கியிருக்கிறது. எவ்வளவு உயர்ந்த மேற்பூச்சாக இருந்தாலும் உப்பின்மேல் பூசினால் இதே முடிவுதான், ஏனெனில் பழுது படலத்தில் இல்லாமல் அதன் அடியில் இருக்கிறது.

எந்த வகை எதற்கு

தானே ஆறும் மேற்பூச்சு என்ற பெயருக்குள் வேறுவேறு வழிகளில் இயங்கும் பொருள்கள் அடங்கும். மிகப் பழையது, இளகி ஓடிக் காயத்தை மூடும் வகை. படகின் ஷேக்கிள் (இணைப்பு வளையம்), நட்டு, போல்ட்டுகளில் கிரீஸை அப்பி வைப்பதும் இந்த வகையில் சேர்ந்ததே: கீறினாலும் கிரீஸ் மெல்ல நகர்ந்து மூடிக்கொள்கிறது. இதன் வளர்ந்த வடிவமே பாலிஐசோபியூட்டிலின் என்னும் பசைத்தன்மையுள்ள பாலிமரால் ஆன சுற்றுநாடா. நிலத்தடிக் குழாய்களின் இணைப்புகளில் அதைச் சுற்றி, மேலே ஒரு கடினமான உறை போடுகிறார்கள்; அது ஒருபோதும் இறுகாமல், கீறிய இடத்தை நோக்கித் தானாகவே மெல்லப் பாய்கிறது. கை படாத இடங்களுக்கு, குறிப்பாகப் போல்ட்டு இணைப்புகளுக்கும் தரையோடு சேரும் தூண் அடிகளுக்கும், இதைவிட நம்பத்தக்க வேறொன்றை நான் அறியேன். பெட்ரோலேட்டம் என்னும் கிரீஸ் போன்ற பொருளில் தோய்த்த நாடாவும் (கிரீஸ் நாடா) இதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும்.

இரண்டாவது, துத்தநாகம் (ஜிங்க்). துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும் உலோகம் என்பதால், கீறலில் இரும்பு வெளிப்பட்டாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. அப்படிக் கரைவதால் உண்டாகும் வெண்படிவு மெல்லிய கீறலை அடைக்கவும் செய்கிறது. துத்தநாகத் தூள் நிறைந்த எப்பாக்சி பிரைமரும், உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் கால்வனைசிங்கும் இவ்வகையைச் சேர்ந்தவை. பெயிண்டால் இரும்பைக் காப்பது பற்றிய பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 12944இன்படி, உலர்ந்த பிரைமர்ப் படலத்தில் எடையளவில் குறைந்தது 80 விழுக்காடு துத்தநாகத் தூள் இருந்தால்தான் அதைத் துத்தநாகம் நிறைந்தது என்று சொல்லலாம். துகள்கள் ஒன்றையொன்றும் இரும்பையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் மின்தொடர்பு கிடைக்கும் என்பதே அந்த அளவுக்குக் காரணம். டப்பாவின்மேல் ஜிங்க் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காமல், அதன் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கி இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, துருத்தடுப்பான்களைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் வகை. இதில் நெடுங்காலம் முன்னணியில் இருந்தவை குரோமேட்டுகள். கீறலுக்குள் நீர் புகுந்ததும் குரோமேட் கரைந்து சென்று வெளிப்பட்ட உலோகத்தின்மேல் படலமாகப் படிந்துவிடும். விமானத் தொழில் பல பத்தாண்டுகள் இதை நம்பியே இருந்தது. ஆனால் குரோமேட்டுகளில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் இவ்வகைக் குரோமியச் சேர்மமான குரோமியம் டிரை ஆக்சைடைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது. மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமர் எங்காவது கிடைத்தாலும் வீட்டு வேலைக்கு வாங்க வேண்டாம். பழைய மஞ்சள் பிரைமரை உலர்வாகத் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்கவும் வேண்டாம். அதன் இடத்தில் இன்று ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் பரவலாகக் கிடைக்கிறது. குரோமேட்டின் ஆற்றல் அதற்கு இல்லையென்றாலும், கைவேலையாகச் சுத்தம் செய்த பழைய இரும்புக்கு அது நல்ல துணை.

நான்காவது, செய்திகளில் அதிகம் பேசப்படும் நுண்குமிழ் வகை. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆற்றும் திரவத்தை நுண்ணிய குமிழ்களில் அடைத்து பாலிமருக்குள் கலந்து, விரிசல் அந்தக் குமிழ்களை உடைக்கும்போது திரவம் கசிந்து இறுகி விரிசலை ஒட்டவைப்பதை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பெயிண்டுக்கு ஏற்ற எளிய வடிவமாக, ஆளிவிதை எண்ணெயை யூரியா பார்மால்டிஹைடு ஓடுகளுக்குள் அடைத்த குமிழ்களைப் பற்றிய ஆய்வு 2008இல் இந்திய ஆய்வாளர்களிடமிருந்தே வந்தது. கீறலில் வழியும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிப் படலமாகிறது. இந்தக் குமிழ்களை வீட்டில் தயாரிக்க முயல வேண்டாம், பார்மால்டிஹைடு ஆவி ஆபத்தானது. தொழில்துறைப் பெயிண்ட் விற்பனையாளர்களிடம் ஆயத்தமாகக் கலந்த பிரைமராகவோ சேர்மானமாகவோ கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது குமிழின் சராசரி விட்டம், எத்தனை விழுக்காடு கலக்க வேண்டும், எந்த அகலக் கீறல் வரை ஆற்றும், சேமிப்புக் காலம் எவ்வளவு என்ற நான்கையும் கேளுங்கள். விடை சொல்ல முடியாதவரிடம் வாங்கிப் பயனில்லை. ஒருமுறை உடைந்த குமிழ் மறுமுறை உதவாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காருக்கு ஒட்டும் வெளிப்படையான பாதுகாப்புப் படலங்களும் தானே ஆறும் என்று விற்கப்படுகின்றன. வெயிலின் சூட்டில் அவற்றின் மேலோட்டமான கோடுகள் மறைவது உண்மைதான். ஆனால் அது தோற்றத்தைப் பற்றியது, துருத்தடுப்புக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

இவற்றிலிருந்து நான் பரிந்துரைப்பது இவ்வளவே: புதிதாகச் செய்யும் இரும்பு வேலைக்குத் துத்தநாகம் நிறைந்த பிரைமர் அல்லது கால்வனைசிங், ஏற்கெனவே நிற்கும் பழைய இரும்புக்கு, கைவேலைச் சுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் எப்பாக்சி மாஸ்டிக் (தடித்த எப்பாக்சிப் பூச்சு) அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், கிடைத்தால் அதன்மேல் நுண்குமிழ் கலந்த நடுப்பூச்சு, இணைப்புகளுக்கும் போல்ட்டுகளுக்கும் கிரீஸ் நாடா.

உப்பை நீக்குதல்

சுரண்டுவதற்கு முன்பே கழுவ வேண்டும். உப்போடு சேர்த்துத் தேய்த்தால் கம்பி பிரஷ் அந்த உப்பை உலோகத்தின் குழிகளுக்குள் அழுத்திவிடும். எதனால் கழுவுகிறோம் என்பது இங்கே மிக முக்கியம். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பாகவே இருக்கிறது. அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை நீக்குவதற்குப் பதில் புதிதாகப் பூசுகிறோம். மெட்ரோ வாட்டரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். முதலில் சிறிது சோப்பு கலந்த நீரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, பிறகு துருவைச் சுரண்டி, மறுபடி நல்ல நீரால் ஆங்கிளின் கீழ்ப்பக்கத்தையும் வெல்டிங் ஓரங்களையும் நன்றாக அலசி, துணியால் துடைத்து உடனே உலரவிடுங்கள்.

உப்பு போய்விட்டதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்கக் கடல்நீர் நிரப்பும் பாலஸ்ட் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றிப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2006இல் ஏற்ற விதி, சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் சோடியம் குளோரைடுக்கு நிகரான உப்பையே மேல்வரம்பாக வைக்கிறது. தொழில்துறையில் இதை அளக்கச் சிறிய ஒட்டுறைகள் உள்ளன. வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்க வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டே தோராயமாக அளக்கலாம். 20 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரை ஒரு சுத்தமான கிண்ணத்தில் எடுத்து மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையுறை அணிந்து, அந்த நீரில் பஞ்சை நனைத்து, 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பரப்பைத் திரும்பத் திரும்பத் துடைத்து, பஞ்சை அதே நீரில் பிழிந்து மறுபடி அளங்கள். மீட்டரின் எண் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுவதால், அது 25 கூடியிருந்தால், அந்தப் பரப்பிலிருந்து அரை மில்லிகிராம் உப்பு வந்திருக்கிறது, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம். பஞ்சு எல்லா உப்பையும் எடுத்துவிடாது என்பதால், கூடுதல் 10க்குக் கீழே வரும் வரை கழுவிக்கொண்டே இருப்பது நல்லது.

சுரண்டுவதும் விளிம்புகளும்

துத்தநாகம் நிறைந்த பிரைமர் வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். அதற்கு, துகள்களை வேகமாக வீசித் துருவை அகற்றும் மணல்வீச்சு முறையில், தரநிலை எஸ்.ஏ. 2½ என்று குறிக்கும், ஏறத்தாழ வெறும் இரும்பே தெரியும் அளவுக்குச் சுத்தம் தேவை. ஆகவே புதிய கேட்டையோ ஸ்டாண்டையோ வெல்டிங் பட்டறையில் செய்தவுடன், வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே வீச்சுக் கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கு ஆற்று மணலையோ கடல் மணலையோ பயன்படுத்தக் கூடாது. மணல்தூசு தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்கும், கடல் மணலில் உப்பும் இருக்கும். இரும்புத் துகள், கார்னெட், காப்பர் ஸ்லாக் ஆகியவற்றுள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நின்ற இடத்திலேயே சுத்தம் செய்ய வேண்டிய பழைய இரும்புக்கு, தளர்ந்த துருவைச் சுத்தியாலும் சுரண்டியாலும் அகற்றி, பிறகு கிரைண்டரில் உப்புத்தாள் (சாண்ட்பேப்பர்) சக்கரம் போட்டுத் தேயுங்கள். கம்பிக்கிண்ணம் மட்டும் போட்டுத் தேய்த்தால் துரு பளபளவென்று மெருகேறிச் சுத்தமான இரும்பைப்போல் தோன்றும், அதன்மேல் பிரைமர் பிடிக்காது. மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் நனைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

கூர்மையான விளிம்பிலிருந்து ஈரப் பெயிண்ட் இருபுறமும் விலகிச் செல்வதால், அங்கு படலம் எப்போதும் மெலிந்தே இருக்கும். குமிழின் விட்டத்தைவிடப் படலம் மெல்லியதாகிவிட்டால் நுண்குமிழ்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஆற்றும் வேலையும் நடக்காது. விளிம்புகளை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டித் தேய்த்து, முழுப் பரப்புக்கும் பூசுவதற்கு முன் விளிம்பு, வெல்டிங், போல்ட்டுத் துளை ஆகியவற்றுக்கு மட்டும் பிரஷால் ஒரு தனிப்பூச்சு கொடுங்கள். எண்ணூரின் ஆலைகளில் முறைப்படி நடக்கும் வேலைகளில் இந்தத் தனிப்பூச்சு இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகமாட்டார்கள். வீட்டு வேலையில் அதை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் செலவு ஒரு பிரஷும் அரை மணி நேரமும்தான்.

பூசும் நேரமும் முறையும்

வடகிழக்குப் பருவமழை முடிந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலம் இதற்கு ஏற்றது. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழேயும், இரும்பின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலேயும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. விடியற்காலையில் இரும்பின்மேல் பனி கோத்திருக்கும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று உப்பைக் கொண்டுவரும். ஆகவே வெயில் ஏறி இரும்பு உலர்ந்த காலை ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி, கடற்காற்று எழுவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே இரவு கடந்தால், மறுநாள் நல்ல நீரால் துடைத்து உலர்த்திவிட்டே தொடருங்கள், ஏனெனில் ஓர் இரவில் படியும் உப்பும் சாம்பலும் இரண்டு பூச்சுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும்.

துத்தநாகத் தூள் கனமானது, டப்பாவின் அடியில் விரைவாகப் படிந்துவிடும். பூசிக்கொண்டிருக்கும்போதும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நுண்குமிழ்ப் பூச்சுக்கு நேர்மாறான கவனம் தேவை: டிரில்லில் துடுப்பு மாட்டி வேகமாகக் கலக்கினால் குமிழ்கள் டப்பாவிலேயே உடைந்துவிடும் என்பதால் மரக்கட்டையால் மெதுவாகக் கிளறுங்கள், தயாரிப்பாளர் சொன்ன தின்னரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். ஸ்பிரே துப்பாக்கியின் நுண்வலை குமிழ்களைப் பிடித்துக்கொள்ளும். பிரஷ் அல்லது ரோலரே பாதுகாப்பானது. இரட்டைக் கலவை எப்பாக்சியை ஹார்டனருடன் சேர்த்தபின் நம் ஊர் வெயிலில் வெகுவிரைவில் இறுகிவிடும், ஆகவே சிறிது சிறிதாகக் கலந்துகொள்ளுங்கள்.

துத்தநாகம் நிறைந்த பிரைமர் உலர்ந்தபின் 60 முதல் 80 மைக்ரான், அதன்மேல் எப்பாக்சி நடுப்பூச்சு 100 முதல் 150 மைக்ரான், வெயில் படும் இடத்துக்குப் பாலியூரிதேன் மேல்பூச்சு ஏறத்தாழ 50 மைக்ரான் என்பது கடலோரத்துக்கு வழக்கமான அடுக்கு. எப்பாக்சி வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாக உதிரும் என்பதால் மேல்பூச்சைத் தவிர்க்கக் கூடாது. பாலியூரிதேன் ஹார்டனரில் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடான ஐசோசயனேட் இருப்பதால் அதை வீட்டில் ஸ்பிரே செய்ய வேண்டாம், பிரஷாலேயே பூசுங்கள். கால்வனைசிங் செய்த ஜி.ஐ. பைப்பின்மேல் சாதாரண எனாமலை நேரடியாகப் பூசினால், துத்தநாகத்தின் காரப் படிவுகள் எனாமலின் எண்ணெயைச் சோப்பாக மாற்றிப் பட்டை பட்டையாக உரியச் செய்யும். அதற்குரிய பிரைமரை முதலில் போடுங்கள்.

முழு வேலைக்கு முன் ஒரு சோதனை

காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்து நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அதே முறையைச் சிறிய அளவில் நம் மாடியிலும் செய்யலாம். பட்டறையில் மிஞ்சிய தகடுகளை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே மாதிரி சுத்தம் செய்து, சிலவற்றுக்கு வழக்கமான பிரைமரும் சிலவற்றுக்குப் புதிய பூச்சும் ஒரே தடிமனில் பூசுங்கள். ஒரு வாரம் இறுகவிட்டு, விளிம்புகளை மெழுகால் அடைத்து, இரும்பு அளவுகோலை வைத்து ஒவ்வொரு தகட்டிலும் கட்டர் பிளேடால் மெல்லிய கோடு ஒன்றும் ஆணியால் அகலமான கோடு ஒன்றும் உலோகம் தெரியுமளவுக்குக் கீறுங்கள். நுண்குமிழ்ப் பூச்சுக்கு ஆற அவகாசம் தேவை என்பதால், கீறியபின் ஒரு நாள் உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, கிழக்கே கடலைப் பார்க்கும்படி 45 பாகை சாய்வில் மாடியில் கட்டிவையுங்கள்.

ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்தபின், கீறலின் மேலே வழிந்திருக்கும் துருக்கறையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். கத்தி முனையால் கீறலின் ஓரத்திலிருந்து படலத்தை நெம்பிப் பார்த்து, எவ்வளவு தூரம் அது ஒட்டாமல் எழுகிறது என்று மில்லிமீட்டரில் அளங்கள். இந்தத் தளர்ந்த அகலமே உண்மையான அளவுகோல். நல்ல நுண்குமிழ்ப் பூச்சில் பிளேடு கோட்டின் ஓரம் இறுக்கமாக நிற்க வேண்டும்; ஆணிக் கோட்டில் அது தோற்றாலும் வியப்பில்லை, ஏனெனில் அவ்வளவு அகலத்தை நிரப்பும் திரவம் அந்தப் படலத்தில் இல்லை. துத்தநாகப் பூச்சின் ஆணிக் கோட்டில் வெண்படிவு தெரிந்தால், துத்தநாகம் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

பூசிய பிறகு

மழை படாத கீழ்ப்பக்கங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல நீரால் கழுவுங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கீறலை எந்தப் பூச்சும் தானாக ஆற்றாது என்று கொண்டு, அன்றைக்கே கழுவி, உப்புத்தாளால் ஓரங்களைச் சரித்து, அதே பிரைமரால் தொட்டுப் பூசிவிடுங்கள். அதற்காகச் சிறிதளவு பிரைமரையும் ஹார்டனரையும் தனித்தனியாக, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் எடுத்துவைத்து, டப்பாவின்மேல் வாங்கிய மாதத்தைக் குறித்துவிடுங்கள்.